தொட்டிக்குள் கை விடும் முன்

கடந்த டிசம்பரில் எங்கள் வீவக வீட்டில் நான்கு முறை இரவில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. நான்கும் மழை இரவுகள். "எங்கயோ ஒழுகுது" என்றார் அம்மா. எங்கும் ஒழுகவில்லை.

என் சந்தேகம் தாத்தாவின் மீன்தொட்டிமேல் விழுந்தது. அவர் வளர்ப்பவை டிஸ்கஸ் மீன்கள். அவற்றுக்குத் தண்ணீர் 28 முதல் 30 டிகிரி வரை இருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஹீட்டரா என்று நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் வடகிழக்குப் பருவமழை இரவுகளில் வெப்பநிலை 24 டிகிரிக்குக்கூட இறங்கிவிடும். மற்ற நாள்களில் சும்மா கிடக்கும் ஹீட்டர் அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது, பொறுமைதான் வேண்டும். தொட்டியின் எல்லா பிளக்குகளையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகினேன். வடிகட்டி, விளக்கு, காற்றுப் பம்பு எதிலும் பிரச்சினை இல்லை. ஹீட்டரைச் செருகியபோதும் ஒன்றும் ஆகவில்லை. இங்கேதான் பலர் நிறுத்திவிடுவார்கள். தொட்டிக்கு வெளியே இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியில் வெப்ப அளவைக் கூட்டினேன். ஹீட்டர் இயங்கத் தொடங்கியதும் 'டக்' என்று வீடே இருண்டது.

துண்டித்தது ஆர்சிசிபி எனும் கருவி. வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பி வருவதும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளில் உள்ளவை, வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன் துண்டித்துவிடும். பல சாதனங்களின் சிறு கசிவுகள் ஒன்றுசேர்ந்தும் அதைத் தட்டிவிடலாம். அதனால் கடைசியாகச் செருகியதுதான் குற்றவாளி என்று முடிவுகட்டாமல், அதைத் தனியாகவும் செருகிப் பார்க்க வேண்டும். எங்கள் ஹீட்டர் தனியாகவும் மாட்டிக்கொண்டது.

"இப்பதான் பெட்டி விழலையே, தண்ணியில கரண்ட் இல்ல" என்று தாத்தா சட்டைக் கையை மடித்தார்.

"அப்படிச் சொல்ல முடியாது தாத்தா" என்று தடுத்தேன்.

ஹீட்டரின் எஃகு உறை, பிளக்கின் மூன்றாவது முனை வழியாகத் தரையோடு இணைந்திருந்தது. கசிந்த மின்சாரம் அந்த வழியே ஓடியதால் ஆர்சிசிபி கண்டுகொண்டது. வடிகட்டியின் பம்புக்கோ பிளாஸ்டிக் உடல், தரை இணைப்பு இல்லை. தொட்டி கண்ணாடி, மேசை மரம். அந்தப் பம்பு கசிந்தால் மின்சாரம் வெளியேற வழியில்லை. ஆர்சிசிபியும் பேசாமல் இருக்கும். தண்ணீர் 230 வோல்ட் வரை ஏறிக் காத்திருக்கலாம். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவர் கைவிட்டால், அவர்தான் அந்த வழி. ஆர்சிசிபி அப்போது துண்டிக்கும், ஆனால் அதிர்ச்சி அவர் உடலில் பாய்ந்த பிறகு.

மல்டிமீட்டரை தண்ணீரில் வைத்து 40 வோல்ட் காட்டுகிறது என்று பதறுவோரும் உண்டு. நல்ல நிலையில் உள்ள பம்புகூட, மின்னோட்டமே ஏறக்குறைய இல்லாத இத்தகைய 'பேய்' அளவைக் காட்டும். சாதனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது எந்த இடத்தில் அளவு சட்டென்று விழுகிறது என்பதுதான் துப்பு.

1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட சில வீடுகளில் ஆர்சிசிபி இல்லாமல் இருந்தது. 2025 ஜூலை 1க்குள் எல்லா வீடுகளிலும் அதைப் பொருத்த வேண்டும் என எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்தது. உங்கள் வீட்டு மின்பெட்டியில் சோதனைப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைத்தான் அழைக்க வேண்டும், பொறியியல் படிக்கும் பேரனை அல்ல.

தாத்தா இப்போது எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, பிளக்குகளையும் கழற்றிய பிறகே தொட்டியைக் கழுவுகிறார். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறும்படி விட்டிருக்கிறோம். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இரவெல்லாம் மின்சாரம் இல்லாவிட்டால் மீன்கள் மூச்சுத் திணறும் என்பதால், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறோம்.