யூடியூப் கணக்கும் மோட்டார் கடை நோட்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, வேலையை விட்டுடலாம்னு இருக்கேனுங்க" என்றான். கோயம்புத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மாதம் 31,000 ரூபாய் சம்பளம். வயது 26. வாரக் கடைசியில் தாராபுரம் வந்து, அப்பாவின் மோட்டார் வைண்டிங் கடையில் வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறான். 38,000 சப்ஸ்கிரைபர் இருக்கிறார்கள். முழுநேரமாக இறங்கினால் ஒரு வருடத்தில் மாதம் லட்சம் ரூபாய் வந்துவிடும் என்பது அவன் நம்பிக்கை. இதைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் இல்லை. "நீதான் கம்ப்யூட்டர்ல இருக்கிறவன், நீயே பார்த்துச் சொல்லு" என்று என் தலையில் கட்டிவிட்டாள்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும், யூடியூப் தெரியாது. 2016ல் நடுகற்கள் பற்றி ஒரு சேனல் ஆரம்பித்து 14 வீடியோவோடு நிறுத்தியவன் நான். சப்ஸ்கிரைபர் 312, அதில் பாதி சொந்தக்காரர்கள். இருந்தாலும் அவனிடம் யூடியூப் ஸ்டூடியோவில் இருந்து கடந்த 12 மாதக் கணக்கை எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டு வாரம் அதிலேயே போனது. கீழே வருவது அந்தக் குறிப்புகள்தான். எண்களை அவன் சம்மதத்தோடு போடுகிறேன்.

முதலில் பார்வைகள். வருடத்துக்கு 31 லட்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதில் 24 லட்சம் ஷார்ட்ஸ், 7 லட்சம் நீள வீடியோ. நீள வீடியோவில் ஆயிரம் பார்வைக்கு அவன் கைக்கு வந்தது சராசரியாக 32 ரூபாய். ஷார்ட்ஸில் ஆயிரத்துக்கு 1 ரூபாய் 20 காசு. ஆக, 22,400 ரூபாயும் 2,880 ரூபாயும். மொத்தம் 25,280. ஒரு வருட விளம்பர வருமானம் ஒரு மாதச் சம்பளத்தைக்கூடத் தொடவில்லை. நான் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மூன்று தடவை சரிபார்த்தேன். இல்லை.

ஏன் இவ்வளவு குறைவு? விளம்பரதாரர் வீடியோவுக்குப் பணம் கொடுப்பதில்லை, பார்க்கிற ஆளுக்குக் கொடுக்கிறார். ஒருவர் வீடியோவைத் திறக்கும்போது, அந்த ஆளிடம் விளம்பரம் காட்ட யார் எவ்வளவு தருவார்கள் என்று கண நேரத்தில் ஒரு ஏலம் நடக்கிறது. அவர் எந்த நாட்டில் இருக்கிறார், என்ன மொழி, எதில் ஆர்வம், இது தீபாவளிக்கு முந்தைய மாதமா, ஜனவரியா, எல்லாமே விலையை மாற்றும். ஏலத்தில் வந்த தொகையில் நீள வீடியோவுக்கு 55 சதவீதம் வீடியோ போட்டவருக்கு, மீதி யூடியூபுக்கு. எல்லாப் பார்வைக்கும் விளம்பரம் ஓடுவதும் இல்லை. வீடியோ 8 நிமிடத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் நடுவில் விளம்பரம் வைக்க முடியும். இவன் கணக்கில் அமெரிக்கா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளில் இருந்து வந்த பார்வை வெறும் 4 சதவீதம். வருமானத்தில் அவர்கள் பங்கு 17 சதவீதம். அவிநாசியில் பார்த்தாலும் அட்லாண்டாவில் பார்த்தாலும் அதே வீடியோதான், அதே உழைப்புதான்.

ஷார்ட்ஸ் கதை வேறு. அங்கே உங்கள் வீடியோவுக்கு என்று தனியாக விளம்பரம் கிடையாது. ஒரு வீடியோவுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் வரும் விளம்பரப் பணத்தை ஒரு பொதுப் பானையில் போடுகிறார்கள். பாட்டுக்கான பங்கை எடுத்துவிட்டு, நாடு வாரியாகப் பார்வை விகிதத்தில் பிரித்து, உங்கள் பங்காக வருவதில் 45 சதவீதம் தருகிறார்கள். 2023 பிப்ரவரியில் இருந்து இந்த முறை. அதற்கு முன் இந்த விளம்பரப் பங்கே கிடையாது.

இவன் ஷார்ட்ஸ் பார்வை 24 லட்சத்தில் 19 லட்சம் ஒரே வீடியோ. கழற்றிய மோட்டாருக்குள் இருந்து ஒரு தவளை குதித்து ஓடும், அவ்வளவுதான். அந்த ஒரு நாற்பது விநாடியில் 11,000 பேர் சப்ஸ்கிரைப் பண்ணியிருக்கிறார்கள். வந்தவர்கள் தவளைக்காக வந்தவர்கள். கெபாசிட்டர் மாற்றுவது பற்றி 14 நிமிட வீடியோ போட்டால் அவர்கள் ஏன் பார்க்கப்போகிறார்கள்? 38,000 சப்ஸ்கிரைபர் இருந்தும் புது வீடியோவுக்கு முதல் வாரத்தில் 1,500 பார்வை தாண்டாததன் காரணம் எனக்கு இங்கேதான் புரிந்தது. "யூடியூப்ல ரீச்சைக் குறைச்சுட்டாங்க மாமா" என்பான் அடிக்கடி. அப்படி யாரும் உட்கார்ந்து இவனைக் குறிவைத்துக் குறைக்கவில்லை.

யூடியூபின் பரிந்துரை முறை பற்றி கூகுள் பொறியாளர்களே 2016ல் ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். என் தொழிலுக்குப் பக்கத்து வீடு என்பதால் ஆசையாகப் படித்தேன். இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் பல லட்சம் வீடியோக்களில் இருந்து உங்களுக்குப் பொருந்தக்கூடிய சில நூறைப் பொறுக்கி எடுக்கும். இரண்டாவது கட்டத்தில் அந்தச் சில நூறையும் வரிசைப்படுத்தும். வரிசைக்கு அடிப்படை, "இதைக் காட்டினால் இவர் எவ்வளவு நேரம் பார்ப்பார்" என்ற கணிப்பு. வெறும் கிளிக்கை எண்ணினால் தலைப்பில் பொய் சொல்கிறவன் ஜெயிப்பான் என்பதால், 2012லேயே பார்வை எண்ணிக்கையை விட்டுப் பார்த்த நேரத்துக்கு மாறியிருந்தார்கள். இன்றைக்கு இன்னும் நிறைய சேர்ந்திருக்கிறது, பார்த்தவர் திருப்தியடைந்தாரா என்று சர்வே போட்டுக் கேட்பதும் உண்டு. ஆனால் அடிப்படைக் கேள்வி பெரிதாக மாறவில்லை. வீடியோவுக்கு ஆள் தேடுவதில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் வீடியோ தேடுகிறது.

அந்தக் கண்ணோடு அவன் வரைபடங்களைப் பார்த்தேன். பழைய வீடியோக்களில் முதல் அரை நிமிடத்திலேயே 45 சதவீதம் பேர் ஓடியிருக்கிறார்கள். திறந்து பார்த்தால், "வணக்கம் நண்பர்களே, லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, பெல் பட்டனை அழுத்துங்க" என்று ஒரு நிமிடம் போகிறது. மோட்டார் எரிந்து, பயிர் காய்கிற பதற்றத்தில் வருகிறவன் எந்த பெல்லை அழுத்துவான்? மூன்று வருடமாக நிற்காமல் ஓடுகிற வீடியோவின் தலைப்பு "மோட்டார் உர்ர்னு சத்தம் மட்டும் வருது, சுத்தலை". விவசாயி எப்படிக் கேட்பாரோ அப்படியே இருக்கிறது. பெரும்பாலான பார்வை தேடலில் இருந்து வருகிறது. இத்தனைக்கும் அதை அவன் யோசித்து வைக்கவில்லையாம். கடைக்கு வந்த ஒருவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டானாம்.

அந்த வீடியோவின் கமென்ட்களைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் விஷயமே மாறியது. "கடை எங்கங்க?", "ஒட்டன்சத்திரத்தில் இருந்து வரலாமா?", "5 எச்.பி. சப்மெர்சிபிள் எவ்ளோ ஆகும்?" என்று வரிசையாக. மச்சானுக்குப் போன் போட்டேன். அவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிற ஆள். ஆறு மாதம் முன்பிருந்து, வீடியோ பார்த்து வந்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு "வீ" போட்டு வைத்திருக்கிறார்! ஏன் என்று கேட்டால், "சும்மா, பையன் பண்றது எதுக்காச்சும் ஆகுதான்னு பாக்கத்தான்" என்றார்.

ஆறு மாதத்தில் 74 மோட்டார். செம்புக்கம்பி, வார்னிஷ், பேரிங் எல்லாம் போகச் சராசரியாக 1,150 ரூபாய் நின்றிருக்கிறது. 85,100 ரூபாய். மாதத்துக்கு 14,000க்கு மேல். விளம்பரத்தில் வந்ததோ மாதம் 2,100. இந்த வருமானம் சேனல் கணக்கில் எங்கேயும் தெரியாது, அதனால் அவன் கண்ணில் படவே இல்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, நான் இதைத்தான் அவனுக்குப் புரியவைக்கப் பாடுபட்டேன். விளம்பர வருமானத்துக்கு வேண்டிய கூட்டம் வேறு, கடைக்கு வேண்டிய கூட்டம் வேறு. விளம்பரத்துக்கு உலகம் முழுக்க ஆள் வேண்டும், லட்சக்கணக்கில் வேண்டும், வெளிநாட்டில் இருந்தால் நல்லது. கடைக்கு 60 கிலோமீட்டருக்குள் கிணறோ போரோ வைத்திருக்கும் சில ஆயிரம் பேர் போதும். சிங்கப்பூர்க்காரர் பார்த்தால் ஏலத்தில் நல்ல விலை, ஆனால் அவர் தாராபுரத்துக்கு மோட்டார் அனுப்ப மாட்டார். காங்கேயத்துக்காரர் பார்த்தால் சில காசுதான், ஆனால் நாளைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். தவளை வீடியோ முதல் கூட்டத்தை வளர்க்கும். "உர்ர்னு சத்தம்" இரண்டாவதை வளர்க்கும். இரண்டையும் ஒரே சேனலில் வளர்க்கப் பார்த்தால் சப்ஸ்கிரைபர் எண் ஏறும், வீடியோ ஓடாது.

அவன் உடனே வில்லேஜ் குக்கிங் சேனலை இழுத்தான். எல்லோரும் அதைத்தான் இழுக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு விவசாயக் குடும்பம் 2018ல் ஆரம்பித்தது. 2021ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்டது, தமிழில் அந்த எண்ணை எட்டிய முதல் சேனல். பெருமையான விஷயம்தான். ஆனால் அண்டாவில் கறி வேகிறதைப் பார்க்கத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. பெயர் சொல்லிப் போடுகிற பொருள் எது என்பது கண்ணுக்கே தெரியும். எந்த நாட்டுக்காரரும் கடைசி வரை பார்ப்பார். ஸ்டார்ட்டிங் காயிலுக்கும் ரன்னிங் காயிலுக்கும் உள்ள வித்தியாசத்தை அப்படி யாரும் பார்க்க மாட்டார்கள். தவிர, அதே வருடம் கிராமத்துச் சமையல் ஆரம்பித்து நின்றுபோன சேனல்கள் நம் கண்ணில் படுவதே இல்லை.

இன்னொன்று, வாடகை இடம். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்பட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. அதில் லட்சக்கணக்கில் ரசிகர் வைத்திருந்தவர்கள், அந்த ரசிகர்களில் ஒருவரின் போன் நம்பர்கூடக் கையில் இல்லாமல் நின்றார்கள். மச்சானின் நோட்டில் 74 பேரின் நம்பரும் இருக்கிறது.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை பிடிப்பார்கள். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர் மூலம் வந்ததில் மட்டும் 15. கம்பெனி இலவசமாகக் கொடுக்கிற பொருளும் வருமானம்தான். காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஒரு மல்டிமீட்டர் கம்பெனி இவனுக்கு 8,000 ரூபாய் கொடுத்தது, இவன் அதைச் சொல்லாமல் விட்டிருந்தான். திட்டி, சேர்க்கச் சொன்னேன்.

எல்லாவற்றையும் ஒரு எக்ஸெல்லில் போட்டு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டான். "அப்போ கடை வேலையே கூடுதுங்களா மாமா? அப்பாவால ஒரு நாளைக்கு ரெண்டு மோட்டாருக்கு மேல முடியாதுங்க. இப்பவே சில பேரைத் திருப்பி அனுப்பறாங்க."

"உனக்குக் காயில் கட்டத் தெரியுமா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஸ்லாட்ல கம்பி இறக்குவேனுங்க. கனெக்‌ஷன் அப்பாதான் குடுப்பாங்க."

நாற்பது வீடியோ எடுத்தவன். ராஜினாமாக் கடிதம் இன்னும் அவன் மெயிலில் டிராஃப்டாகத்தான் இருக்கிறதாம். போன ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. சாயங்காலம் அக்கா எடுத்து, "கையெல்லாம் வார்னிஷ், அப்புறம் பேசறானாம்" என்றாள்.