சாவியைத் திருப்பி, காது கொடுங்கள்

தோட்டத்து மண்சாலையில் ஓடும் காருக்கு அடி விழுவது அடிவயிற்றில்தான். பாடாங் செராய், லூனாஸ், பீடோங் பக்கத்துச் செம்பனைக் காட்டுப் பாதைகளில் கல் பட்டு டாங்கி ஒழுகினால், கழற்றி அடைத்து மாட்ட ஒரு நாள் ஆகும். மாட்டிய பிறகு சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. "பட்டறையில் கெடுத்துவிட்டார்கள்" என்று பேச்சு கிளம்பும். பெரும்பாலும் கெட்டது எதுவுமில்லை. குழாய்க்குள் காற்று நிற்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் காற்றோடு தோட்டத்துப் பெரியவர்களுக்குப் பழைய பழக்கம் உண்டு. டீசல் தீர்ந்து டிராக்டர் நின்றால், ஃபில்டர் தலையில் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை போய் டீசல் மட்டும் வழியும்வரை விடமாட்டார்கள். கார்புரேட்டர் வண்டிக்கு அந்தப் பாடும் இல்லை. கெடாவின் குருணில் தயாராகி 1996இல் வந்த மொடெனாஸ் கிரிஸைப் போன்ற மோட்டார்சைக்கிளில் கார்புரேட்டர் கிண்ணம் நிரம்பினால் போதும், மிதித்ததும் பிடிக்கும்.

இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அழுத்தம் வேண்டும், ஏறக்குறைய 3 பார். பெட்ரோலை அமுக்க முடியாது, காற்று அமுங்கும். குழாயில் காற்று இருக்கும்வரை பம்பு தள்ளுவதெல்லாம் அதை நசுக்குவதிலேயே போய்விடும். மிச்ச எண்ணெய் டாங்கிக்குத் திரும்பும் குழாயுள்ள பழைய வண்டிகளில் காற்றும் அந்த வழியே போய்விடும். திரும்பு குழாய் இல்லாத புதிய வண்டிகளில் இன்ஜெக்டர் துளைதான் அதற்கு ஒரே வாசல்.

அந்தப் பம்பு டாங்கிக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. மின்மோட்டார் பெட்ரோலுக்குள்ளா என்று பயம் வரும். பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம்வரை கலந்தால்தான் தீப்பிடிக்கும்; மூடிய டாங்கிக்குள் ஆவி அதைவிட மிகச் செறிவு. காலியாகக் கழற்றிப் போட்ட டாங்கியில்தான் அந்த அளவு அமையும். கழுவிவிட்டோம் என்று நம்பி அதில் வெல்டிங் வைப்பவர்களைக் கண்டால் எனக்கு நடுக்கம்.

பம்பைக் குளிர்விப்பதும் வழுக்கவைப்பதும் பெட்ரோலே. ஆகவே ஒரு போத்தல் ஊற்றிப் பார்ப்பது கஞ்சத்தனம். பம்பு வறண்டு ஓடினால் கருகிவிடும். பத்து லிட்டராவது ஊற்றுங்கள். சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள். பல கார்களில் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு மூன்று விநாடி ரீங்காரம் கேட்டு, தானாக நிற்கும். எஞ்சின் சுற்றாவிட்டால் பம்பை நிறுத்திவிடும் பாதுகாப்பு அது. விபத்தில் உயிர் காப்பதும் அதுதான். அணைத்து, நான்கைந்து முறை இப்படிச் செய்யுங்கள். இறங்கி, காருக்கு அடியில் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். வாடை அடித்தால் சாவியைத் தொடாதீர்கள். இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யலாம், ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். முதலில் கொஞ்சம் இருமும், பிறகு சீராகும்.

ரீங்காரமே கேட்கவில்லையா? பேட்டரியைக் கரைக்காமல், பம்பின் தலையில் மாட்டும் வயர் சாக்கெட்டைப் பாருங்கள். டாங்கியை ஏற்றும் அவசரத்தில் பல சமயம் மறந்துபோவது அதுதான்.