அரைப்புள்ளியால் மாறிய சட்டத்தின் பொருள்

ஆங்கிலத்தில் எழுதும் எம்மவர்கள் காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் தயக்கமின்றிப் பயன்படுத்துகின்றனர். ஆயின் 'செமிகோலன்' எனப்படும் அரைப்புள்ளியை எங்கே இடுவது என்ற கேள்வி எழுந்ததும் பலரது பேனா தயங்கி நிற்கின்றது. அது வெறும் அலங்காரக் குறியன்று. வாக்கியமொன்றின் பொருளையே மாற்றிவிடும் ஆற்றல் அதற்குண்டு.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகர அச்சாளரான அல்டுஸ் மனுட்டியுஸ் வெளியிட்ட நூல்களில் இக்குறி இடம்பெற்றது. இன்று ஆங்கிலத்தில் அதற்குப் பிரதானமாக இரு பணிகள் உள்ளன. தனித்தனியே முழுமை பெற்ற, ஆனால் கருத்தால் நெருங்கிய இரு வாக்கியங்களை இணைப்புச் சொல் இன்றி அது இணைக்கின்றது. 'மழை பொய்த்தது; வயல் வறண்டது' என்பதைப் போன்றது இது. இங்கே காற்புள்ளி இடுவது ஆங்கில இலக்கணத்தில் பிழையாகவே கருதப்படும். அடுத்ததாக, உள்ளே காற்புள்ளிகளைக் கொண்ட தொடர்களை வரிசைப்படுத்தும்போது அவற்றை அது பிரித்துக் காட்டுகின்றது. 'கண்டி, இலங்கை; மதுரை, இந்தியா' என எழுதும்போது எந்த நகர் எந்த நாட்டுக்குரியது என்பதில் ஐயம் எழுவதில்லை.

ஆங்கில வாக்கியத்தில் நிபந்தனைகள் பெரும்பாலும் இறுதியிலேயே வருகின்றன. அந்நிபந்தனை முன்னுள்ள அனைத்திற்கும் பொருந்துமா, இறுதிப் பகுதிக்கு மட்டுமா என்பதைப் பல வேளைகளில் இக்குறியே உணர்த்துகின்றது. காற்புள்ளியைத் தாண்டிச் செல்லும் நிபந்தனை, அரைப்புள்ளியில் தடைப்பட்டு நின்றுவிடக் கூடும்.

இதற்கு வரலாறு தரும் சான்று நியூரம்பேர்க் நீதிமன்றமாகும். நாஜித் தலைவர்களை விசாரிப்பதற்கான சாசனத்தில் அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் ஆகியன 1945 ஓகஸ்ட் 8ஆம் திகதி இலண்டனில் கைச்சாத்திட்டன. அதன் 6ஆம் உறுப்புரை மனித குலத்திற்கு எதிரான குற்றங்களை வரையறுத்தது. போருக்கு முன்னரோ போரின்போதோ பொதுமக்களுக்கு எதிராக இழைக்கப்பட்ட கொலை, அடிமைப்படுத்தல் போன்றன முதற் பகுதியில் இருந்தன. அரசியல், இன, மதக் காரணங்களுக்கான துன்புறுத்தல்கள் அடுத்த பகுதியில் இருந்தன. நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்திற்கு உட்பட்ட வேறொரு குற்றத்துடன் தொடர்பு இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை இறுதியில் வந்தது.

இரு பகுதிகளுக்கும் இடையே ஆங்கில உரையில் அரைப்புள்ளி இருந்தது. ரஷ்ய உரையிலோ காற்புள்ளியே இருந்தது. 1945 ஒக்டோபர் 6ஆம் திகதி பேர்லினில் கைச்சாத்தான ஓர் ஆவணம் ரஷ்ய உரையே சரியானதெனக் கூறி, ஆங்கில உரையின் அரைப்புள்ளியைக் காற்புள்ளியாக மாற்றியது. அதனால் கொலைக்கும் அந்நிபந்தனை பொருந்துவதாயிற்று.

இதன் விளைவு சிறியதன்று. 1939ஆம் ஆண்டுக்கு முன்னர் ஜேர்மனியில் யூதர்களும் அரசியல் எதிரிகளும் கொடூரமாக நடத்தப்பட்டதை 1946ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஆயினும் அச்செயல்கள் போர்க் குற்றங்களுடன் தொடர்புற்றிருந்தமை நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி, அவற்றை மனித குலத்திற்கு எதிரான குற்றங்களெனப் பொதுவாகப் பிரகடனப்படுத்த அது மறுத்தது.

பழியைக் குறியின் மீது மட்டும் சுமத்த முடியாது. தமது நாட்டிலும் சிறுபான்மையினர் சில வேளைகளில் அநீதியாக நடத்தப்படுவதை அமெரிக்கப் பிரதிநிதி ஜாக்சன் இலண்டன் பேச்சுக்களிலேயே ஒப்புக்கொண்டிருந்தார். உள்நாட்டுக் கொடுமைகள் போருடன் தொடர்பின்றிச் சர்வதேச நீதிக்கு உட்படுவதை வல்லரசுகள் விரும்பவில்லை. அவ்விருப்பத்தைச் சட்டமாக்க ஒரு குறியின் மாற்றம் போதுமாயிருந்தது. போருடனான தொடர்பை வலியுறுத்தாத வரைவிலக்கணம் 1998ஆம் ஆண்டு ரோம் சாசனத்தில் இடம்பெற்றது.

இது எமக்கும் அந்நியமான விடயமன்று. எமது நாட்டின் சட்டங்கள் மூன்று மொழிகளில் வெளியாகின்றன. சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏற்படின் சிங்கள உரையே மேலோங்கும் என்ற வாசகத்தை அவற்றுட் பலவற்றில் காண்கின்றோம். எனவே தமிழ் உரையை மட்டும் நம்பி நிற்பவருக்கு, மொழிபெயர்ப்பில் தவறிய ஒரு குறியும் உரிமையை இழப்பதாக முடியலாம். மொழிபெயர்ப்பாளரும், ஆவணங்களில் ஒப்பமிடுவோரும், மாணவரும் சொற்களைப் போன்றே குறிகளையும் வாசிக்கப் பழகுதல் வேண்டும்.