ஈரலுக்கு மூலிகை காவலாகுமா?

நீரிழிவு என்றவுடன் கண்ணும் சிறுநீரகமும் காற்புண்ணுமே பலருக்கு நினைவில் எழும். கல்லீரலை எண்ணுவோர் சிலரே. உண்ட உணவின் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் பொருளாக்கிச் சேமிப்பதும், பசித்த வேளையில் அதனை மீண்டும் சர்க்கரையாக்கிக் குருதியிற் செலுத்துவதும் ஈரலின் பணிகளாம். இவற்றை நெறிப்படுத்துவது இன்சுலின். அதன் ஆணைக்கு உடல் பணியாதபோது, ஈரல் தேவையின்றியும் சர்க்கரையை வெளிவிடுகிறது. உடற்கொழுப்பு கரைந்து வரும் அமிலங்களும் அங்கே வந்து குவிகின்றன. நாளடைவில் அணுக்களில் கொழுப்புத் தங்கி, அழற்சி தோன்றி, ஆறிய புண்ணில் தழும்பு விழுவதுபோல் நார் படர்கிறது. முற்றிய நிலையில் ஈரல் இறுகி முடிச்சு முடிச்சாகும். இத்தனைக்கும் நெடுங்காலம் வலியே இராது.

இதனைத் தடுக்கும் ஆற்றல் செடிகொடிகளுக்கு உண்டா என்பதை ஆராய்வோர் பெரும்பாலும் எலிகளையே நாடுகின்றனர். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்னும் மருந்தை எலிக்குச் செலுத்தினால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் அழிந்து நீரிழிவு உண்டாகிறது. பின்னர்க் கீழாநெல்லி, பாகல், நிலவேம்பு முதலியவற்றின் சாற்றை ஊட்டி, ஈரலிலிருந்து குருதியிற் கசியும் நொதிகளை அளக்கின்றனர். (நிலவேம்பை மலாய் மக்கள் 'ஹெம்பெடு பூமி', அதாவது நிலத்தின் பித்தம், என்பர், கசப்பை இதனினும் செவ்வையாகக் கூறல் அரிது.) நொதி குறைந்தது என்னும் செய்தி பலமுறை வந்துள்ளது. ஆயினும் இங்கொரு சிக்கல் உண்டு. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஈரலையும் நேரே தாக்கும் நஞ்சு. சாறு காத்தது நீரிழிவிலிருந்தா, நஞ்சிலிருந்தா என்பது எளிதில் விளங்குவதில்லை. மேலும், மக்களிடையே மிகுதியாகக் காணப்படுவது இன்சுலின் இருந்தும் பயன்படாத நீரிழிவு. எலிக்கு நேர்ந்ததோ இன்சுலினே அற்ற நிலை.

மனிதரிடம் சோதிக்கப்பட்டவற்றுள் குறிப்பிடத்தக்கது சிலிமாரின். மத்தியதரைக்கடற் பகுதியின் ஒருவகை முட்செடியின் விதையிலிருந்து எடுக்கப்படுவது அது. 1997-இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், மதுவால் ஈரல் இறுகி இன்சுலினும் ஏற்றிவந்த 60 நீரிழிவாளருள் 30 பேருக்கு, வழக்கமான மருத்துவத்தோடு நாள்தோறும் 600 மில்லிகிராம் வீதம் ஓராண்டு வழங்கினர். அவர்தம் குருதிச் சர்க்கரையும் இன்சுலின் தேவையும் மற்றவரினும் குறைந்தன. ஆனால் யார் மருந்து உண்டார் என்பது இரு தரப்பாரும் அறிந்ததே; ஒப்பீட்டுக்குப் போலி மாத்திரை தரப்படவில்லை. நம்பிக்கைக்கு இடமுண்டு, முடிவுக்கு இடமில்லை.

மறுபக்கத்தையும் மறத்தலாகாது. சீந்திற்கொடியை உண்ட 6 பேருக்கு ஈரல் அழற்சி கண்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினர். வேறொரு கொடியைத் தவறாக உண்டிருக்கலாமென இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அதன் இனமாகிய பத்தவாலியை மலேசியாவில் நீரிழிவுக்கென அருந்துவோர் உளர். அதனாலும் ஈரல் கெட்ட நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன. காக்கவேண்டி உண்டதே கேடாகலாம் என்பதால், சாறு அருந்துவோர் அதனை மருத்துவரிடம் மறையாது கூறி ஈரற்சோதனை செய்துகொள்வது நன்று.

செடியிலிருந்து மருந்து வரவே வராதென்பதும் பிழையே. கால்நடைகள் தின்று மாண்ட கலேகா என்னும் ஐரோப்பியச் செடியின் சத்தை ஆராய்ந்த வழியிலேதான் மெட்ஃபார்மின் பிறந்தது. 1922-இல் அது செயற்கையாக ஆக்கப்பட்டது. பாரிசில் ஜான் ஸ்டெர்ன் நோயாளருக்கு வழங்கி 1957-இல் எழுதும்வரை 35 ஆண்டுகள் கழிந்தன. ஈரல் வெளிவிடும் சர்க்கரையை அது குறைக்கிறது. ஈரலின் தழும்பை ஆற்றுவதாக அதுவும் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.