முதுகில் ஸ்க்ரூ போட்டால் வேலைக்குத் திரும்பலாமா?

டீயை ஆற வைத்தபடியே கேளுங்கள். அவசரமில்லாமல் பேச வேண்டிய விஷயம் இது. பாரம் தூக்கும்போது ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் வலி போகவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு தேய்ந்திருக்கிறது என்கிறார்கள். அதன் மேலும் கீழும் உள்ள இரண்டு எலும்புகளையும் ஸ்க்ரூ, கம்பி வைத்து ஒன்றாக இணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஆலோசனை வருகிறது. தொழிலாளிக்கு ஒரே கவலைதான்: அதன்பின் வேலைக்குப் போக முடியுமா?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். முதுகு ஆபரேஷன் எல்லாம் ஒன்றல்ல. பிதுங்கிய ஜவ்வு நரம்பை அழுத்திக் காலுக்கு வலி இறங்கினால், அந்தத் துண்டை எடுப்பது பலருக்கு விரைவில் நிம்மதி தரும். சிறுநீர் திடீரென நின்றாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் வலுவிழந்துகொண்டே போனாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. நான் பேசுவது வேறு: வெறும் தேய்மானத்துக்காகவும் நாள்பட்ட இடுப்பு வலிக்காகவும் எலும்புகளை இணைப்பது பற்றி. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்தாலும் இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் தெரிகிறது. எண்பது வயதில் 96 சதவீதம். படத்தில் தெரியும் தேய்மானம்தான் வலிக்குக் காரணம் என்று உடனே முடிவுகட்டிவிட முடியாது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டை அரசு நிறுவனமே நடத்துகிறது. அதன் ஆவணங்களிலிருந்து 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. எலும்பு இணைப்பு செய்துகொண்ட 725 தொழிலாளர்களையும், அதேபோன்ற முதுகுக் கோளாறுடன் ஆபரேஷன் இல்லாமல் இருந்த 725 பேரையும் ஒப்பிட்டார்கள். இரண்டாண்டு கழித்து வேலைக்குத் திரும்பியிருந்தவர்கள், ஆபரேஷன் ஆனவர்களில் 26 சதவீதம், ஆகாதவர்களில் 67. ஆபரேஷன் ஆனவர்களில் 27 சதவீதம் பேர் மறுபடியும் கத்தியின் கீழ் போனார்கள். அதைவிட என்னை உறுத்துவது, வலியைப் போக்கவென்று செய்த சிகிச்சைக்குப் பிறகு ஓபியாய்டு எனும் வலிநிவாரணி மாத்திரையின் தினசரி அளவு 41 சதவீதம் கூடியதுதான். ஆபரேஷனுக்குப் போனவர்களுக்கு முன்பே வலி அதிகம் இருந்திருக்கலாம். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வல்ல இது. அந்தக் குறையைக் கழித்துப் பார்த்தாலும், ‘வேலைக்குத் திரும்பிவிடலாம்’ என்று யாரும் உறுதி சொல்ல இந்த எண்கள் இடம் தரவில்லை. வாஷிங்டன் மாநிலத்திலும் 1994-ல் வெளியான ஆய்வில், எலும்பு இணைப்பு செய்துகொண்ட தொழிலாளர்களில் 68 சதவீதம் பேர் இரண்டாண்டுக்குப் பின்னும் வேலை செய்ய இயலாத நிலையிலேயே இருந்தார்கள்.

இப்படி வேலைக்குத் திரும்பாதவர்கள் ‘இழப்பீட்டுக்காக நடிக்கிறார்கள்’ என்று சொல்பவர்கள் உண்டு. ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் இயன் ஹாரிஸ் குழு 2005-ல் பலவகை ஆபரேஷன்கள் குறித்த 211 ஆய்வுகளைத் திரட்டியது. 175-ல் இழப்பீடு சம்பந்தப்பட்டவர்களுக்கே முடிவு மோசம். ஆனால் நடிப்புதான் காரணம் என்று அந்த எண் சொல்லவில்லை. பாதி குணமான முதுகோடு மேசை வேலைக்குப் போய்விடலாம். மூட்டை தூக்கப் போக முடியுமா? இழப்பீட்டு வழக்கு இழுக்க இழுக்க, பழைய வேலையும் கையை விட்டுப் போகிறது. இதையெல்லாம் நடிப்பென்பது அநியாயம்.

செலவுப் பக்கம் இன்னும் கசப்பானது. கலிஃபோர்னியாவின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டில் ஸ்க்ரூ, தகடுகளின் விலையை ஆபரேஷன் கட்டணத்துக்கு மேல் தனியாக வசூலிக்கச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. லாங் பீச்சில் மருத்துவமனை நடத்திய மைக்கேல் டிரோபோட், அந்த விலையை ஊதிப் பெருக்கினார். நோயாளியை அனுப்பும் மருத்துவர்களுக்கு, இடுப்பு எலும்பு இணைப்பு ஒன்றுக்குப் பொதுவாக 15,000 டாலர் வரை கமிஷன் போனது. சட்டம் மாறாமலிருக்க மாநில செனட்டர் ரான் கால்டெரோனுக்கு லஞ்சமும் கொடுத்தார். இருவருமே சிறைக்குப் போனார்கள். ஆனால் முதுகில் ஏறிய ஸ்க்ரூ ஏறியதுதான்.

ஒஹாயோ காப்பீட்டு நிறுவனம் 2018 முதல் விதியை மாற்றியது. எலும்பு இணைப்புக்குச் சம்மதிக்கும் முன் குறைந்தது 60 நாள் உடற்பயிற்சி, பிசியோதெரபி போன்ற சிகிச்சைகளை, கூடியவரை ஓபியாய்டு இல்லாமல், செய்து பார்த்திருக்க வேண்டும். எலும்பு முறிவு, கட்டி, தொற்று, மோசமாகிவரும் நரம்புச் செயலிழப்பு ஆகியவற்றுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது.