இரு மொழி பேசும் ஒரு கல்

இங்கிலாந்தின் வடகிழக்கே, டைன் ஆறு கடலொடு கலக்குமிடத்தில் சவுத் ஷீல்ட்ஸ் என்னும் ஊர் உள்ளது. உரோமப் பேரரசின் காலத்தில் அங்கே ஒரு கோட்டை இருந்தது. 1878-ஆம் ஆண்டில் அவ்வூரில் ஒரு கல்லறைக் கல் கிடைத்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லைப் பற்றிப் படித்த நாள் முதல் அது எம் நினைவை விட்டு அகலவில்லை. பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்க்கு அது கூறும் செய்தி ஒன்று உண்டு. ஆதலின் அதனை நம் சங்கத்துக் குடும்பங்களின்முன் வைக்கின்றோம்.

கல்லில் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். மடியில் கம்பளி நூற்கும் கருவிகள், ஒரு பக்கம் நூலுருண்டைகள் நிறைந்த கூடை, மறுபக்கம் நகைப்பெட்டி. அவள் பெயர் ரெஜினா, வயது 30. தென் பிரிட்டனில் வாழ்ந்த கட்டுவெல்லௌனி இனத்தவள். ஒருகால் அடிமையாக இருந்தவளை விடுவித்து மணந்தவன் பராத்தெஸ் என்பான். அவனது ஊரோ சிரியப் பாலைவனத்துப் பால்மைரா. நேர்கோட்டில் அளந்தாலும் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் தொலைவு உண்டு.

கல்லில் முதலில் இருப்பது அரசு மொழியாகிய இலத்தீன். பெயர், இனம், வயது, உறவு யாவும் அதில் முறைப்படி உள்ளன. அதன்கீழே பால்மைராவின் சொந்த எழுத்தில் ஒரே ஒரு வரி. பராத்தெஸ் விடுவித்த ரெஜினா என்று கூறி, 'அந்தோ' என்னும் பொருளுடைய சொல்லோடு அது முடிகிறது. இலத்தீனில் வேற்றுமைப் பிழைகள் மலிந்துள்ளன. தாய்மொழி வரியோ பழகிய கை செதுக்கியதெனத் தெளிவாக அமைந்துள்ளது. அயல்மொழியில் விண்ணப்பம் எழுதிப் பிழைபட்ட அனுபவம் இருப்புப்பாதை எழுத்தராகிய எமக்கும் உண்டு. ஆதலின் பராத்தெஸைக் குறை கூற மனம் வரவில்லை.

உரோமர் எவர் மொழியையும் சட்டமிட்டுத் தடுத்தாரல்லர். தடுக்கவேண்டிய தேவையும் அவர்க்கு எழவில்லை. பிரிட்டனை ஆண்ட அக்ரிகோலா, அந்நாட்டுத் தலைவர்களின் மைந்தர்க்கு உரோமக் கல்வி அளித்தான். இலத்தீனை வெறுத்தவர் அதில் நாவன்மை பெற விழைந்தனர். உரோம உடையும் குளியல் மண்டபமும் விருந்தும் நாகரிகமாயின. அறியாதார் நாகரிகம் என்று அழைத்த இதுவும் அடிமைத்தனத்தின் ஒரு கூறே என அக்ரிகோலாவின் மருமகனும் வரலாற்றாசிரியனுமாகிய டாசிட்டஸ் எழுதினான். துணைப்படையில் 25 ஆண்டுகள் பணியாற்றிய அயலார்க்குக் குடியுரிமை கிடைத்தது. 212-இல் பேரரசின் உரிமைக் குடிகள் பெரும்பாலோர்க்கும் அது வழங்கப்பெற்றது. வாள் செய்யாததைப் பதவியும் வயிறும் செய்து முடித்தன.

இன்றைய லிபியாவிலுள்ள லெப்டிஸ் மேக்னாவில் பிறந்த செப்டிமியஸ் செவரஸ், 193-இல் பேரரசனானான். அவ்வூரார் பேசியது பியூனிக் மொழி. இலத்தீன் சரிவரப் பேசவாராத தன் உடன்பிறந்தாள் உரோம் வந்தபோது அவன் நாணி, அவளை ஊருக்கே திருப்பி அனுப்பினான் என்று ஒரு பழைய நூல் கூறும். அந்நூல் முற்றும் நம்பத்தக்கதன்று என்பர் அறிஞர். ஆயினும் அத்தகைய கதை ஏன் எழுந்தது என்பது நமக்கு விளங்காததன்று.

பேரரசன் நாணியதாகக் கூறப்படும் அம்மொழியை உழவர் கைவிடவில்லை. பியூனிக் மொழியின் பெருநகராகிய கார்த்தேஜ் அழிந்தது கி.மு. 146-இல். 500 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின்னும், ஹிப்போ நகரைச் சூழ்ந்த சிற்றூர்களில் அம்மொழி வழங்கியதைப் புனித அகஸ்டின் குறித்துள்ளார். அதனைக் காத்தது அரண்மனையன்று, அடுப்பங்கரையும் வயலுமே.

ரெஜினாவின் கல்லில் இல்லாத ஒன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கணவன் மொழி உண்டு. அரசு மொழி உண்டு. அவள் தாய்மொழிக்கு மட்டும் அங்கே இடமில்லை. ஆயின் காலம் செய்த விந்தை வேறு. பால்மைரா 273-இல் உரோமப் படையால் சூறையாடப்பட்டது. அதன் எழுத்து விரைவில் வழக்கொழிந்தது. பிரிட்டனில் இலத்தீனும் வீட்டுமொழியாக நிலைக்கவில்லை. ரெஜினாவின் இனத்தார் பேசிய மொழியின் வழித்தோன்றலோ இன்றும் வேல்ஸ் நாட்டு இல்லங்களில் ஒலிக்கிறது.

நாம் எப்பேரரசுக்கும் அடிமைகளல்லேம். நம் சொந்த நாட்டில்தான் ஊர் மாறி வாழ்கின்றோம். ஊரோடு ஒத்து வாழ்தல் கடமை. பல மொழி கற்றல் செல்வம். எனினும் சென்ற பொங்கலன்று எம் இல்லத்தில் நிகழ்ந்ததை மறைக்க விரும்பவில்லை. தொலைபேசியில் அப்பத்தா நலம் கேட்டார். எம் மகன் இந்தியில் ஏதோ கூறிவிட்டு, "அப்பா, நீங்களே பேசுங்கள்" என்று கருவியை எம்மிடம் நீட்டினான். மறுமுனையில் அன்னையார் சிறிது நேரம் பேசவில்லை. செவரஸ் உடன்பிறந்தாளை எண்ணி நாணினானாம். யாம் எம்மை எண்ணியே நாணினோம்.

அன்றிரவு முதல், உணவுக்குப் பின் அரைமணி நேரம் மகனும் யாமும் தமிழ்ப் புத்தகத்தோடு அமர்கின்றோம். முதலில் முகம் சுளித்தான். இப்பொழுது அப்பத்தாவுக்குத் தானே கடிதம் எழுதுகிறான். பிழைகள் உண்டு. பராத்தெஸின் இலத்தீனிலும் பிழைகள் இருந்தன. ஆயினும் அவன் கூற விரும்பியது இன்றுவரை நம்மை வந்து சேர்கிறது.