மலைக்காரருக்கு மட்டும் இல்லாத மூன்றாவது கிலோமீட்டர்

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்வராயன் மலையில் கெடு வைக்கும்போதெல்லாம் கடிதங்கள் வந்து குவியும். தாமாகக் கொடுத்துவிட்டால் வழக்கில்லை என்பது காவல்துறையின் வழக்கமான வாக்குறுதி. கேள்வி அதைப் பற்றியதல்ல. “காட்டுப்பன்றியைச் சுடலாம்னு அமைச்சரே சட்டசபையில சொல்லிட்டாரு, அப்புறம் எதுக்குத் துப்பாக்கியைக் கேக்குறாங்க?” என்பதுதான் பெரும்பாலான கடிதங்களின் சாரம்.

அமைச்சர் சொன்னது உண்மை. ஊருக்குள் வந்து சேர்ந்தது அதில் பாதி. 2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி (பக்கத்துத் திருக்கோவிலூர் தொகுதிக்காரர்தான்) அறிவித்த ஏற்பாடு தூரத்தை வைத்து ஓடுகிறது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் சுடலாம். சுடுவது விவசாயி அல்ல, பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்.

இந்தக் கணக்கைச் சங்கராபுரம் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் நின்று பார்த்தால் ஒழுங்காகவே தெரியும். வெள்ளிமலைக்கு ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும். மேலே பல ஊர்களில் கொல்லை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. ஒரு பக்கக் காட்டைவிட்டு 3 கிலோமீட்டர் விலகி நடந்தால் மறுபக்கக் காடு வந்துவிடும். மரவள்ளிக் கிழங்கை ஒரே இரவில் வேரோடு கிளறிப்போடும் பன்றிக்கு, ஆணைப்படி, மிகப் பாதுகாப்பான இடம் அந்தக் கிழங்குக் கொல்லைதான்.

இதைவிட என்னை உறுத்துவது 1 முதல் 3 கிலோமீட்டர் வரையிலான நடு வளையம். அடிவாரத்தில், கோமுகி அணையைச் சுற்றியுள்ள வயல்களில் 2 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பன்றி கூண்டில் சிக்குகிறது என்று வையுங்கள். அதைக் கொண்டுபோய் விடும் காடு யார் வீட்டுக் கொல்லையை ஒட்டியது? மலைக்காரருடையது. சமவெளி விவசாயியின் தொல்லையை வண்டியேற்றி, எதுவுமே செய்ய முடியாத முதல் வளையத்துக்காரரிடம் இறக்கிவிட்டு வருவதற்கு ‘மோதல் மேலாண்மை’ என்று பெயர். காட்டோரத்தில் துப்பாக்கியை அனுமதித்தால் பன்றியின் பெயரைச் சொல்லி மானும் போகும் என்று வனத்துறை அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த அச்சத்துக்கான விலையை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு ஆணையில் பதில் இல்லை.

சுடும் வளையத்திலும் ஒரு வேடிக்கை. கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனப் பணியாளர் சேர்ந்த குழு வழியாகத்தான் காரியம் நகர வேண்டும். அறிவிப்பு வந்த வாரத்தில்தான் தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்திருந்தது. 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த 9 மாவட்டங்களில் கள்ளக்குறிச்சியும் ஒன்று என்பதால் இங்கே தலைவர்கள் இருந்தார்கள்.

இனி துப்பாக்கி. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பயிர்க் காவலுக்கென்று வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமோ, கொல்வது மட்டுமல்ல, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டை என்கிறது. உரிமம் வாங்கிய துப்பாக்கியே ஆனாலும் வானத்தைப் பார்த்துத்தான் வெடிக்கலாம். உரிமம் இல்லாததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

‘தீங்குயிர்’ என்று அறிவித்துவிட்டால் யாரும் சுடலாமே என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த அதிகாரம் ஒன்றிய அரசிடம் மட்டுமே இருக்கிறது. பீகாருக்கு 2015இலும் உத்தராகண்டுக்கு 2016இலும் காட்டுப்பன்றி விஷயத்தில் அந்த அறிவிப்பைக் கொடுத்தார்கள். கேரளம் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, 2022இல் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடமே கொடுத்தது.

மற்ற கேள்விகள்:

பழங்குடிக்கு வேட்டை உரிமை உண்டா? இல்லை; 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் எல்லா மரபு உரிமைகளையும் பேசிவிட்டு, வேட்டையை மட்டும் பெயர் சொல்லி விலக்குகிறது.

வனத்துறை சுட்ட பன்றியின் கறி? இறந்த வன உயிரினமும் அரசின் சொத்து.

புள்ளிமான், முயல்? இரண்டும் 2ஆம் அட்டவணை. 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மயில்? 1ஆம் அட்டவணை, சிறையே 3 ஆண்டில்தான் தொடங்கும்.

அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடி? வேட்டை வழக்கோடு வெடிபொருள் வழக்கும் சேரும்.

வயலைச் சுற்றி மின்கம்பி? 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்கு வைத்த கம்பியில் 3 யானைகள் செத்தன, வைத்தவர் கைதானார்.

தகரம் தட்டிப் பன்றியை விரட்டலாமா? தாராளமாக. அதற்கு எந்த வளையமும் இல்லை.